ராகுவுக்கு எத்தனை கேரட்?

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள்ளே தேன் கலரில் ஒரு கல்.

"கோமேதகம்டா. சிலோன் கல்லு. 6.1 கேரட்டு."

"எவ்வளவு சித்தப்பா?"

"அது கெடக்கு."

அது ஒன்றும் கிடக்கவில்லை. 21,500 ரூபாய். சித்தியோட தோடு பேங்க்குல இருக்கு. சித்தப்பா வெளியே போனதும் அடுப்படியில் வைத்து சித்திதான் சொன்னாங்க. திட்டிச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான"ன்னு என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி சொன்னாங்க. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். சித்தி இதைப் படிக்கப் போறதில்லை, நீங்களாவது படிங்க.

சித்தப்பாவுக்கு சின்னமனூர் பக்கம் ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஊரே சந்தோஷப்பட்டது. நானும் ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட பீத்திக்கிட்டேன். ஆனா பழம் பறிக்கிற வாரத்துல மழை பெய்யாதுன்னு எந்தக் குறியீடும் உத்தரவாதம் கொடுக்காதே. 2025-ல் அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மழை கொட்டி, பழம் பூரா வெடிச்சுப் போச்சு. அடுத்த மாசம் வோல்டேஜ் ஏறி இறங்கினதுல மோட்டார் காயில் எரிஞ்சது. வியாபாரி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

ஆக மழை, வோல்டேஜ், வியாபாரி. நானும் நீங்களும் அப்படித்தான் நினைப்போம். சித்தப்பாவுக்குக் கிடைச்ச ரூட் காஸ் அனாலிசிஸ் வேறே. அவர் கும்ப ராசி. 2025 ராகு - கேது பெயர்ச்சியில் ராகு கும்பத்துக்குள்ளே வந்து உட்கார்ந்துட்டார். பரிகாரம் கோமேதகம். ஜோசியரும் கடைக்காரரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ரொம்ப வேண்டியவங்கன்னு பிறகு தெரிஞ்சுது. (யார், எந்த ஊர்னு கேக்காதீங்க. ஊருக்கு ஒருத்தர் இருக்கார்.)

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு இன்னிக்கும் போறவன். ஆடிச் சனிக்கிழமை கூட்டத்துல மிதிபட்டே வளர்ந்தவன். எள்ளு தீபம் போடறவங்களோட எனக்குச் சண்டை இல்லை. அந்த தீபம் யார் தோட்டையும் அடகு வைக்கச் சொல்றதில்லை. என் சண்டை, ஒரு கல்லுக்கு இல்லாத குணத்தை இருக்குன்னு சொல்லி, கேரட் கணக்கில் விலை போட்டு விக்கிறவங்களோட.

சரி, கல்லைப் பார்ப்போம்.

கோமேதகம்ங்கிறது கார்னெட். கார்னெட் ஒரே கனிமம் இல்லை, ஒரு குடும்பம். அச்சடிச்ச மாதிரி ஒரே படிக அமைப்பு, உள்ளே உட்கார்ற உலோகம் மட்டும் மாறும். இரும்பும் அலுமினியமும் உட்கார்ந்தா அல்மண்டைன், கருஞ்சிவப்பு. மெக்னீசியமும் அலுமினியமும்னா பைரோப். கால்சியமும் அலுமினியமும்னா குரோசுலர். சுத்தமான குரோசுலருக்கு நிறமே கிடையாது. அதுல கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மாங்கனீசு கலந்தா தேன் கலர் வரும். அதுதான் ஹெசோனைட், நம்ம கோமேதகம். ஹெசோனைட்ங்கிற பேருக்கு கிரேக்கத்துல மூலம் 'மட்டமானது'ங்கிற அர்த்தத்துச் சொல். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற மத்த கற்களைவிட இதுக்குக் கடினமும் எடையும் கம்மி, அதனால அந்தப் பேர். ராகுவுக்கு இதைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு கிரேக்கம் தெரியாதது நல்லதாப் போச்சு :-)

கடினம் சுமார் ஏழு, அதாவது கண்ணாடியைக் கீறும், வைரம் இதைக் கீறும். உடைச்சா வைரம் மாதிரி நேர் தளமா பிளக்காது, கன்னாபின்னான்னு உடையும், ஒவ்வொரு சில்லுக்கும் புதுசா ஒரு கூர் விளிம்பு வரும். அடர்த்தி தண்ணியைப் போல மூணரை மடங்குக்கு மேலே. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பிறகு தேவைப்படும்.

ராகு யாரு? வானத்துல டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்க்க ஒரு உருண்டை கிடையாது. சூரியன் போற மாதிரி தெரியற பாதையும், நிலா போற பாதையும் ரெண்டு இடத்துல வெட்டிக்குது. அந்த ரெண்டு புள்ளிதான் ராகு, கேது. புள்ளி மெதுவா பின்னோக்கி நகர்ந்து ஒரு சுத்து வர 18.6 வருஷம். பன்னெண்டு ராசியால வகுத்தா ராசிக்கு ஒன்றரை வருஷம். பெயர்ச்சி ஏன் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை வருதுன்னு இப்ப புரியுதா? இதைக் கணக்குப் போட்டவன் மண்டைக்காரன். கிரகணம் எப்ப வரும்னு சொல்றதுக்கு இந்தப் புள்ளி வேணும். அந்த ஆளைக் கும்பிடலாம். ஆனா புள்ளிக்கு உடம்பு இல்லை, உடம்பில்லாததுக்குக் கதிர் இல்லை. "மோதிரத்துல அடிப்பக்கம் திறந்திருக்கணும், அப்பத்தான் ராகுவோட கதிர் கல் வழியா தோல்ல இறங்கும்"னு சித்தப்பாவுக்குச் சொல்லியிருக்காங்க. ரெண்டு ரோடு சந்திக்கிற முக்குக்கு வெளிச்சம் உண்டா? முக்குல டீக்கடை இருந்தா உண்டு.

இதை நான் சித்தப்பாகிட்ட சொன்னேன். அவர் சொன்ன பதில்: "இம்புட்டுப் படிச்சும் ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சாக்கும். விஞ்ஞானத்துக்கு எட்டாதது எம்புட்டோ இருக்குடா."

இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா கார்னெட் அந்த லிஸ்ட்ல இல்லை! உலகத்துல மனுஷனுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச கல்லுகள்ல இது ஒண்ணு. 1920-கள்லயே எக்ஸ்-ரே வெச்சு எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்குன்னு படம் போட்டாச்சு. அதுக்கப்புறம் இதைப் படிக்க வந்தவங்க எங்கே வந்தாங்க தெரியுமா? எங்க ஜில்லாவுக்கே வந்தாங்க. பெரியகுளம் - வத்தலக்குண்டு ரோட்டுல, மலையடிவாரத்துல கெங்குவார்பட்டி இருக்கு. பஸ்ஸுல போறவங்க திரும்பிக்கூடப் பார்க்காத ஊர். உலகத்துப் புவியியல் ஆய்வு இதழ்கள்ல அந்த ஊர்ப் பேர் இங்கிலீஷ்ல தப்புத்தப்பா உச்சரிக்கப்பட்டு சுத்திக்கிட்டிருக்கு. காரணம் அங்கே இருக்கிற பாறை. கார்னெட், கார்டியரைட், சஃபிரின் எல்லாம் சேர்ந்த பாறை. (சஃபிரின் வேற, சஃபயர் வேற. இதைப் படிச்சுட்டு கடப்பாரையோட கிளம்பிடாதீங்க.) அந்தக் கனிமங்கள் ஒண்ணோட ஒண்ணு எப்படி வினைபுரிஞ்சிருக்கு, கார்னெட்டுக்குள்ளே இரும்பும் மெக்னீசியமும் எந்த விகிதத்துல இருக்குன்னு அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டாங்க. பூமிக்குக் கீழே 30 கிலோமீட்டர் போல ஆழத்துல, கிட்டத்தட்ட 1000 டிகிரி சூட்டுல இந்தப் பாறை வெந்திருக்கு. சாதாரணமா அந்த ஆழத்துல அவ்வளவு சூடு இருக்காது. அதனாலதான் இந்த மவுசு.

இந்தப் பக்கத்துப் பாறைகள் அப்படி வெந்தது சுமார் 55 கோடி வருஷத்துக்கு முந்தி. அப்ப இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒட்டிக்கிட்டு கோண்டுவானான்னு ஒரே நிலமா சேர்ந்துக்கிட்டிருந்த காலம். சித்தப்பா பெருமையா சொன்ன சிலோன் கல்லும், அவர் தோட்டத்துக்கு மேற்கால நிக்கிற மலையும் ஒரே அடுப்புல வெந்த சோறு. இதுக்கு 21,500 ரூபாய் கொடுத்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 55 கோடி வருஷம் பழசான ஒரு பொருளை விரல்ல போட்டுக்கிறது அழகான ஆசை. அதை யாரும் அவருக்குச் சொல்லி விக்கலை.

இன்னொண்ணு. சித்தப்பா வீட்டு அடுப்படி மேடையில 'காஷ்மீர் ஒயிட்' கிரானைட் போட்டிருக்கு. வெள்ளைக் கல்லுல அங்கங்கே கருஞ்சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அத்தனையும் கார்னெட். (காஷ்மீர் ஒயிட் காஷ்மீரைப் பார்த்ததே இல்லை. மதுரை ஜில்லா, மேலூர்ப் பக்கம் வெட்டின கல். அந்தப் பக்கத்து கிரானைட் கொள்ளையில அரசுக்கு 16,338 கோடி நஷ்டம்னு 2012-ல் கலெக்டர் சகாயம் எழுதின கடிதம் தனிக்கதை.) சித்தி பத்து வருஷமா அந்த மேடையில கையை வெச்சு வெங்காயம் வெட்டறாங்க. அடியும் திறந்திருக்கு, மேலும் திறந்திருக்கு. எந்த தோஷமும் நிவர்த்தியான மாதிரி தெரியலை.

"அது அல்மண்டைன், இது ஹெசோனைட், வேற வேற"ன்னு ஜோசியப் பக்கத்து விவரமான ஆளு யாராவது வருவாங்க. வாங்க. அப்ப ராகுவுக்கு இரும்பு ஆகாது, கால்சியம்தான் ஆகும்ங்கிறீங்களா? அப்படின்னா வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்புலகூட கால்சியம் இருக்கே, கட்டுப்படியாகுற விலையில.

கார்னெட் நிஜமா என்ன செய்யும்னு பாருங்க. தச்சர் வெச்சிருக்கிற உப்புத்தாள்ல ஒரு வகை கார்னெட் தூள் ஒட்டினது. அமெரிக்காவுல 19-ஆம் நூற்றாண்டுலயே பண்ண ஆரம்பிச்சாச்சு. முன்னே சொன்னேனே, உடைஞ்சா புதுக் கூர் விளிம்பு வரும்னு, அந்த குணம்தான் இங்கே வேலை செய்யுது. தண்ணியைப் பயங்கர அழுத்தத்துல பீய்ச்சி இரும்புத் தகட்டையே வெட்டற வாட்டர்ஜெட் மெஷின்ல தண்ணியோட போறது கார்னெட் மணல். தண்ணி சுத்திகரிக்கிற தொட்டியில அடித்தட்டுல போடறதும் இதுதான், எடை ஜாஸ்திங்கிறதால அலசும்போது மேலே வந்து கலங்காது. எல்லாம் மூட்டைக் கணக்கு, டன் கணக்கு. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரையில இதை அள்ளி அள்ளி ஏத்துமதி பண்ணி, முறைகேடு முத்திப் போய் 2013-ல் தமிழக அரசு தடை போட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை சிபிஐ விசாரிக்கணும்னு உத்தரவு போட்டது. டன் டன்னா கார்னெட் வெச்சிருந்தவங்களுக்கே கோர்ட்டு, கேஸ்னு ஆகியிருக்கு. ஆறு கேரட் எம்மாத்திரம்!

எங்க அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி பார்வை மங்கிச்சு. ஆஸ்பத்திரியில 'யாக் லேசர்' வெச்சாங்க, அஞ்சு நிமிஷ வேலை. யாக்னா யிட்ரியம் அலுமினியம் கார்னெட். மனுஷன் உலையில வளர்த்தது, ஆனா படிக அமைப்பு அதே கார்னெட். உங்க வீட்டு வெள்ளை எல்ஈடி பல்புல மஞ்சளா பூசியிருக்கே, அதுவும் பெரும்பாலும் சீரியம் கலந்த அதே யாக் தூள்தான். நீல வெளிச்சத்தைக் கொஞ்சம் மஞ்சளா மாத்தி, ரெண்டும் சேர்ந்து வெள்ளையா தெரியற மாதிரி பண்ணும். அப்பத்தா பேரனோட முகம் தெரியுதுன்னு சொன்னப்ப எந்த திசையும் புத்தியும் பார்க்கலை. யார் கண்ணுல வெச்சாலும் அதே வேலையைச் செய்யும். குணம்னா அதுக்குப் பேர் குணம்.

சரி, மத்த வாதங்களையும் முடிச்சிடுவோம். 'முன்னோர்கள் முட்டாள்களா?' இந்தக் கேள்வியைக் கேக்கறவங்க முன்னோர்களை எட்டிக்கூடப் பார்த்ததில்லைங்கிறது என் அனுபவம். அரிக்கமேட்டுலயும் கொடுமணல்லயும் தோண்டினா கார்னெட் மணி கிடைக்குது. துளை போட்டு, பாலீஷ் பண்ணி, கப்பலேத்தி வித்திருக்காங்க. சிலப்பதிகாரத்துல ஊர்காண் காதையில கோவலன் மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சுத்திப் பார்க்கிறான். அங்கே பேச்செல்லாம் கல்லோட நிறம், ஒளி, அதுல என்ன குற்றம் இருக்கக்கூடாதுங்கிறதைப் பத்தி. சுத்தமான சரக்கு ஞானம். நம்ம முன்னோர் கல்லைக் கண்ணுகிட்ட வெச்சுப் பார்த்தாங்க. நாம ஜாதகத்துகிட்ட வெச்சுப் பார்க்கிறோம்.

'ஜோசியத்தையே சோதிக்காம பேசலாமா?' சோதிச்சாச்சு சார். 2008-ல் புனேயில் ஜெயந்த் நார்லிகர் செய்தார். படிப்புல கெட்டிக்காரப் பிள்ளைகள் நூறு பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நூறு பேர், மொத்தம் இருநூறு ஜாதகம். ஜோசியர் ஒவ்வொருத்தருக்கும் நாப்பது அனுப்பி, எது எந்த வகைன்னு மட்டும் சொல்லுங்கன்னார். 27 பேர் பதில் அனுப்பினாங்க. சராசரி 46 சதவீதம் சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தா 50 வந்திருக்கும். கூட நின்னவங்கள்ல நரேந்திர தபோல்கரோட மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் உண்டு. 2013-ல் அதே புனேயில் காலை நடைக்குப் போனவரைச் சுட்டுக் கொன்னாங்க. அவர் கேட்டுக்கிட்டே இருந்த சட்டம் அவர் செத்த பிறகு மகாராஷ்டிரத்துல வந்தது. அந்தச் சட்டத்தை வெச்சுத்தான் 2021-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தோட ஔரங்காபாத் கிளை, அமானுஷ்ய சக்தி இருக்கிறதா சொல்லி டிவியில யந்திரம் விக்கிற விளம்பரம் சட்டவிரோதம்னு தீர்ப்பு சொன்னது. இங்கே காலையில டிவியைப் போட்டா ராசிக்கல் நிகழ்ச்சிதான் சுப்ரபாதம்.

எனக்குப் பிடிபடாத வாதம் ஒண்ணுதான். 'கல் வேலை செய்யலைன்னா அது போலிக் கல்லா இருக்கும்.' நான் பொட்டி தட்டுற ஆளு. ஒரு புரோகிராம் எப்படி ஓடினாலும் சரின்னு சொல்ற டெஸ்ட் கேஸை எழுதிட்டு எங்க ஆபீஸ்ல தப்பிக்க முடியாது. இங்கே நல்லது நடந்தா கல்லோட மகிமை, கெட்டது நடந்தா "கல் இல்லாட்டி இதைவிட மோசமாயிருக்கும்", ஒண்ணுமே நடக்கலைன்னா போலிக் கல். மூணு வாசலும் அடைச்சாச்சு. அதுல ஒரு வாசலையாவது திறக்கணும்னு தோணிச்சு.

சித்தப்பா அந்தக் கல்லை மோதிரத்துல பதிக்க ஆசாரிகிட்ட கொடுக்கப் போறார்னு தெரிஞ்சதும் நானும் கூடப் போனேன். ஆசாரிகிட்ட மில்லிகிராம் வரைக்கும் காட்டற எலக்ட்ரானிக் தராசு உண்டு. கல்லை வெச்சோம், 1.220 கிராம். 6.1 கேரட்டுக்குச் சரியான எடை. பிறகு ஒரு சின்ன டம்ளர்ல தண்ணி வெச்சு தராசை ஜீரோ பண்ணிட்டு, கல்லை மெல்லிசு நூல்ல கட்டி, அடியில படாம தண்ணிக்குள்ளே தொங்கவிட்டேன். கல் தள்ளின தண்ணியோட எடை அப்படியே தராசுல தெரியும். 0.335. வகுத்தா 3.64. ஹெசோனைட்டுக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற அடர்த்திக்கு அப்படியே பொருந்துது. சாதாரணக் கண்ணாடியா இருந்தா ரெண்டரை கிட்ட வந்திருக்கும். ஆசாரி லென்ஸை எடுத்துப் பார்த்துட்டு "உள்ள பாகு காச்சுன மாதிரி ஓடுது, அசல்தான்"ன்னார். அந்தக் கலங்கல் ஹெசோனைட்டுக்கே உள்ள அடையாளம். கல்லோட ஒரு லேப் சர்ட்டிபிகேட்டும் இருந்துச்சு. எடை, நிறம், அடர்த்தி, ஒளிவிலகல் எண், 'இயற்கையான ஹெசோனைட் கார்னெட்'. எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருக்கு, ராகுவுக்குன்னு ஒரு கட்டம் இல்லை. லேப்காரங்க அளக்க முடிஞ்சதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அளக்க முடியாததைக் கடைக்காரர் வாயால சொல்லியிருக்கார். கையெழுத்து இல்லாம.

சித்தப்பா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "பார்த்தியா, அசலு!" என்னோட சோதனை அவருக்கு நல்லதாப் போச்சு :-(

"ஆமா சித்தப்பா, அசலு. அப்ப இனிமே போலிக் கல்லுன்னு சொல்ல முடியாதுல்ல?"

சிரிச்சுக்கிட்டே ஆசாரிகிட்ட மோதிர அளவைச் சொன்னார்.

இது நடந்து ஆறு மாசம் ஆச்சு. அசல் கோமேதகம், அடி திறந்த வெள்ளி மோதிரம், சொன்ன விரல், சொன்ன கிழமை, எதுலயும் குறை வைக்கலை. மோட்டாருக்கு இன்னும் காயில் கட்டலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட மணிக்கணக்குக்குத் தண்ணி வாங்கி விடறார். தோட்டுக்கு வட்டி ஓடுது. போன ஞாயித்துக்கிழமை போன்ல சித்திதான் பேசினாங்க. ராகுவைச் சரி பண்ணிட்டு கேதுவை விட்டுட்டதுனாலதான் தடை நிக்குதாம், வைடூரியம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்காங்களாம், விலை இன்னும் சொல்லலையாம். "நீ வந்து அவருகிட்ட பேசுப்பா"ன்னாங்க.

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேன். காயில் கட்டறவர்கிட்டயும் பேசியாச்சு, சனிக்கிழமை காலையில தோட்டத்துக்கு வர்றேன்னிருக்கார்.